ஆடாத ஊதல்

எங்கள் வீட்டுக்கும் பாண்டுக்காரர் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைக்கல் சுவர். சுவர் என்று சொல்வதே அதிகம். அவர் தும்மினால் எங்கள் பானைமேல் மூடி அதிரும். நான் என் வீட்டுக்காரரிடம் எதற்காவது குறைபட்டுக்கொள்ள ஆரம்பித்தால், அந்தப் பக்கம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். தண்டையார்பேட்டையில் நீளமான ஓட்டுக் கூடம் ஒன்றைக் கூறுபோட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாசலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். தெருமுனை தாண்டினால் வரிசையாகக் கிடங்குகள். அங்கிருந்து கிழிந்த கோணிகளைக் கட்டாக எடுத்துவந்து தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பகல் முழுக்க அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கோணி ஊசியோடு உட்கார்ந்திருப்பேன். அதனால் அவரை நான் கண்ணால் பார்த்ததைவிட முதுகால் கேட்டதுதான் அதிகம்.

பெயர் என்று ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். குழாயடியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ராயபுரத்தில் ஒரு பாண்டு செட்டு இருந்தது. கல்யாணம், சாவு, அம்மன் ஊர்வலம், மாதா தேர் எதற்கும் போவார்கள். அதில் இவர் முதல் டிரம்பட். முன்வரிசையில் நடுவில் நடக்கிற ஆள். பழைய சிப்பாய்க் கோட்டு ஒன்றைச் சிவப்புச் சாயம் தோய்த்து வைத்திருந்தார். தனிக்கட்டை. சமையல், துவையல் எல்லாம் தானே செய்துகொள்வார்.

அவர் ஊதிப் பழகுவதை முதன்முதலில் கேட்டபோது, இந்த ஆளுக்கு ஊதவே தெரியாது என்றுதான் நினைத்தேன். பாட்டே வராது. ஒரே ஒரு சத்தம் வரும், நீளமாக. கம்பி இழுக்கிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று நின்றுவிடும். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இருக்காது. தூங்கிப்போனாரா, எழுந்து போனாரா என்று யோசித்தபடி நான் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடி அதே சத்தம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழாயடியில் கேட்டேவிட்டேன்.

"இன்னாண்ணே, தினம் ஒரே ஊதலா ஊதிகினு கீறீங்க? வேற பாட்டு வராதா?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "வரும் தங்கச்சி. இது ஒயுங்கா வந்தாதான் அது வரும்."

"சரி, நடுவுல நடுவுல ஏன் நிறுத்துறீங்க?"

"மனசு வேற எங்கியாவது போயிடும். போனா நிறுத்திடுவேன். மனசு இல்லாம ஊதினா தப்பா வரும். தப்பா ஊதுனதையும் உதடு கத்துக்கும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது, எத்தினி தபா ஊதினோமோ அதத்தான் புடிச்சிக்கும். அப்பறம் அத மறக்கடிக்க ரெண்டு பங்கு ஊதணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மனசு போனால் வேலையை நிறுத்த வேண்டுமென்றால் நானெல்லாம் ஒரு கோணிகூடத் தைக்க முடியாது. என் மனசு அரிசி விலைக்கும் அம்மா வீட்டுக்கும் போய்வந்துகொண்டே இருக்கும், கை பாட்டுக்குத் தைக்கும். ஊசி கட்டைவிரலில் ஏறும்போதுதான் திரும்பி வரும்.

அவர் அப்படி இல்லை. அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டால் டிரம்பட்டைக் கீழே வைத்துவிடுவார். சோற்றை வடித்துவிட்டு வந்துதான் திரும்ப எடுப்பார். கூரையில் காக்கா கத்தினால் நிறுத்துவார். தெருவில் யாராவது சண்டை போட்டால், சண்டை முடிகிறவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஒருநாள் அவர் வாசலில் வெந்நீர் கேட்கப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உதட்டை ஈரம் செய்துகொண்டு, டிரம்பட்டை வாயருகே பிடித்தபடி இருந்தார். ஊதவில்லை. நான் நின்றேன், நின்றேன், கால் வலிக்கிறவரை நின்றேன். பிறகு வெந்நீரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து முதுகில் அந்தச் சத்தம் வந்தது. அதற்குள் என் சோறு குழைந்துபோயிருந்தது.

அந்தச் செட்டில் ஒரு வழக்கம். சாவு வீட்டில் பாடையைத் தோளுக்குத் தூக்கும்போது முதல் டிரம்பட் மட்டும் ஒரு நீட்டு ஊதல் ஊத வேண்டும். மற்ற எல்லோரும் சும்மா நிற்பார்கள். அந்த ஊதல் முடிந்த பிறகுதான் டிரம் விழும், பாடை நகரும். இவர் தினமும் பழகியது அந்த ஊதலைத்தான். ராயபுரம், காசிமேடு பக்கமெல்லாம் இவர் ஊதினால்தான் பிணம் நிம்மதியாகக் கிளம்பும் என்று சொல்வார்கள். எனக்கு இதெல்லாம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. தலைவலி என்றுதான் தெரிந்தது.

பிறகுதான் அந்தக் குதிரை வந்தது. வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை ஏறியிருந்த குதிரைக்கு முன்னால் இவர் அதன் பக்கம் திரும்பி நின்று ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். எவனோ பட்டாசுச் சரத்தைக் காலடியில் கொளுத்திப் போட்டுவிட்டான். குதிரை மிரண்டு தலையை வீசியது. டிரம்பட்டின் வாயில் பட்ட இடி அப்படியே இவர் வாய்க்குள் வந்து இறங்கியது. முன்பல் இரண்டும் போய்விட்டன. உதடு கிழிந்து தையல் போட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் முதலில் டிரம்பட்டைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

பல் கட்டிக்கொண்டார். ஊதினால் அது ஆடியது, கழற்றிக் குவளையில் போட்டுவிட்டார். செட்டு நடத்துகிற மேஸ்திரி கெட்டவர் இல்லை, ஆளை வெளியே அனுப்பவில்லை. ஆனால் இவர் இடத்துக்கு எண்ணூர்க்காரர் ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார். இவர் கையில் தாளத்தைக் கொடுத்துக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசியில் 'ஜிங் ஜிங்' என்று தட்டிக்கொண்டு இவர் நடந்து போனதை ஒருமுறை பார்த்தேன். எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

உதட்டுக் காயம் ஆறியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முழு டிரம்பட்கூட இல்லை, வாயில் வைக்கிற கிண்ணத்தை மட்டும் கழற்றிக் கடைவாய்ப் பக்கமாக ஒதுக்கி வைத்து ஊதுவார். அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. குழாயடியில் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவருக்குத் திருவொற்றியூர் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் வேலை. கரி அள்ளிப் போட்டுவிட்டு விடிந்து வீடு வருவார். கண்ணெல்லாம் சிவந்து, மூக்குத் துவாரம் கறுத்து, பேசக்கூடத் தெம்பிருக்காது. இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுச் சுவரோரம் சாய்வார். அந்த நேரத்தில்தான் அந்தப் பக்கம் கிண்ணம் முனகத் தொடங்கும்.

ஒருநாள் எழுந்து சுவரில் ஓங்கிக் குத்தினார். "யோவ்! உள்ள இன்னா எரும கன்னு போட்டுகினு கீதா? மனுசன் தூங்க வேணாம்?"

சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் அப்படியும் விடாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். அடிதடி ஆகிவிடுமோ என்று நானும் பின்னால் ஓடினேன். பாண்டுக்காரர் எழுந்து நின்று, தையல் தழும்பு தெரிகிற உதட்டோடு, "மன்னிச்சுக்க அண்ணாத்தே. நான் கடற்கரைப் பக்கம் போயி ஊதறேன்" என்றார்.

அவர் நின்ற நிலையைப் பார்த்து என் வீட்டுக்காரரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்புகிற ஆள் இல்லை.

"சத்தம் எனக்குப் பேஜாரு இல்ல வாத்தியாரே. பாய்லர் பக்கத்துல நின்னுகினே தூங்குறவன் நான். உன் ஊதல் ஏறி எறங்கி ஆடுது பாரு, அதான் பேஜாரு. பாய்லர் ஒரே மாதிரி இரைஞ்சிகினு இருந்தா கண்ணு சொக்கும். கொஞ்சம் மாறிச்சோ, செத்துக் கெடந்தாலும் எய்ந்துடுவேன். ஒடம்புல ஊறிப்போச்சு. நீ ஆடாம ஊது, நான் பாட்டுக்குத் தூங்குறேன்."

பாண்டுக்காரர் கையிலிருந்த ஊதுகிண்ணத்தைத் துணியில் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஆடுறது எனக்குச் சில சமயம் தெரியறதில்ல அண்ணாத்தே. பல்லு போனப்பறம் காதுலயும் இன்னாவோ ஆயிடுச்சு. நீ முயிச்சிகினா ஒரு தபா தட்டு. நான் நிறுத்திட்டு மொதல்லேருந்து ஊதறேன்."

அப்படி ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சுவரோரம் கைமுட்டி படுகிற மாதிரி ஒருக்களித்துப் படுப்பார். நான் தலைமாட்டில் கோணியோடு. அந்தப் பக்கம் ஊதல் ஆரம்பிக்கும். ஆடினால் இவர் கண்ணைத் திறக்காமலே சுவரில் ஒரு தட்டு தட்டுவார். அங்கே நிற்கும். பழையபடி முதலிலிருந்து. ஆரம்பத்தில் தட்டுவதிலேயே பகல் போய்விடும், தூக்கமே இருக்காது. "உங்களுக்கு இது தேவையா?" என்று கத்துவேன். "பாய்லர புதுசா மூட்டுனா ஒரு வாரம் அப்பிடித்தான் இருக்கும்" என்பார்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டு குறைந்தது. மழைக்காலம் போய்த் தை பிறந்தபோது, முழு டிரம்பட்டில் அந்த நீட்டு ஊதல் ஆடாமல் போகிறதையும், என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுகிறதையும் ஒரே நேரத்தில் கேட்டேன். அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். "தங்கச்சி, அண்ணாத்தே தூங்கிட்டாரா?" என்று கிசுகிசுப்பாகக் குரல் வந்தது. "தூங்கிட்டாரு" என்றேன். அவ்வளவு அலுத்துப்போன மனுசன் அவ்வளவு நன்றாகத் தூங்கி நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மேஸ்திரியும் கேள்விப்பட்டு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். காசிமேட்டில் படகு வைத்திருந்த ஒருவர் சாவு. பாடையைத் தூக்கிவிட்டார்கள். இவர் ஊத ஆரம்பித்தார். பாதியில் ஆடிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சமாளித்து முடித்திருப்பார்கள், யாருக்கும் தெரிந்தும் இருக்காது. இவர் நிறுத்திவிட்டார். நிறுத்தி, உதட்டை ஈரம் செய்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி ஆடியது. மறுபடி நிறுத்தினார். சித்திரை வெயிலில் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு பேர் நிற்கிறார்கள். செத்தவரின் மருமகன் வந்து மேஸ்திரியின் கோட்டுக் காலரைப் பிடித்துவிட்டான்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி எங்கள் வாசல்வரை வந்து சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. "வூட்டுல பயகறது வேற, ரோட்டுல ஊதறது வேற. இன்னொரு தபா நடுவுல நிறுத்தினே, இந்த ஜென்மத்துக்கும் உனக்குத் தாளம்தான். சொல்லிட்டேன்."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் அடுத்த வாசலில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "இன்னா வாத்தியாரே, நிறுத்தாம ஊதிகினு போவ வேண்டியதுதான? யாரு கண்டா?"

"நான் கண்டேனே" என்றார் பாண்டுக்காரர்.

"நீ கண்டா இன்னா? ஒரு தபா ஆடினதோட போனா இன்னா கொறஞ்சிடும்?"

"அந்தாளு போறதே ஒரு தபாதான் அண்ணாத்தே."

என் வீட்டுக்காரர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். திரும்பி வந்து என்னிடம் அரைமணி நேரம் அவரைத் திட்டினார். "உருப்படாத ஆளு. இவனுக்குப் போயி தட்டிகினு கீறேன் பாரு." மறுநாள் வழக்கம்போலச் சுவரோரம் படுத்துத் தட்டினார்.

அடுத்த மழைக்குள் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் கரி இறங்கிவிட்டது. டாக்டர் வேறு பெயர் சொன்னார், எங்களுக்குக் கரிதான். முதலில் இருமல். அப்புறம் இருமலோடு இழுப்பு. வேலைக்குப் போக முடியவில்லை. பகலும் இரவும் அதே சுவரோரம். நான் இரண்டு மடங்கு கோணி எடுத்துவந்து தைத்தேன். விரலெல்லாம் பிளந்து கிடக்கும். மருந்து, கஞ்சி, கோணி, மறுபடி மருந்து. எதையும் நினைக்கத் தெம்பில்லை.

பாண்டுக்காரர் ஊதலாமா என்று வந்து கேட்டார். என் வீட்டுக்காரர் சைகையால் ஊதச் சொன்னார். ஆனால் தட்டுகிற கை பலம் இழந்துகொண்டே வந்தது. அதைக் கேட்பதற்காகப் பாண்டுக்காரர் அந்தப் பக்கம் சுவருக்கு இன்னும் நெருக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டார். இருமினால்கூட ஊதல் நிற்கும்.

"தட்டுனியா அண்ணாத்தே?"

"இல்லய்யா... இருமினேன்... நீ ஊது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நிற்கும். "இப்போ?"

"இப்பவும் இருமல்தான்யா!"

அந்த நாட்களில் நான் சிரித்தது இதற்கு மட்டும்தான். கடைசி ஒரு வாரம் தட்டவும் இல்லை, பேசவும் இல்லை. கைமுட்டி மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு விடியற்காலை அது சுவரிலிருந்து சரிந்து பாயில் கிடந்தது.

செட்டைக் கூப்பிட வேண்டும் என்று கூடத்து ஜனங்களே முடிவு செய்தார்கள். எண்ணூர்க்காரர் வேறு ஊருக்குப் போயிருந்தார். மேஸ்திரி வேறு வழியில்லாமல் இவரையே டிரம்பட் ஊதச் சொன்னார். சொல்லும்போது இவர் முகத்தைப் பார்த்து எச்சரிக்கையாக ஒரு விரலைக் காட்டினார். அது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

நான் வாசலில், சுவர் முடிகிற இடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாடையைத் தூக்கினார்கள். அந்த ஊதல் ஆரம்பித்தது. ஆரம்பித்த உடனே ஆடியது. எனக்கே கேட்டது. இவ்வளவு நாள் முதுகால் கேட்டவளுக்கு அது தெரியாதா? இப்போது நிறுத்துவார் என்று நினைத்தேன். அழுகைக்கு நடுவிலும் அந்த எண்ணம் வந்தது. ஐயோ, இவர் நிறுத்திவிடுவாரே, இவர் பிழைப்பும் இன்றோடு போயிற்றே என்று.

நிறுத்தவில்லை. ஆட ஆட ஊதினார். ஈரத்துணி காற்றில் அடித்துக்கொள்கிற மாதிரி ஊதல் ஆடிக்கொண்டே போனது. மூச்சு தீர்ந்தும் விடாமல் இழுத்தார். கண் மட்டும் பாடையை விட்டு நகரவில்லை. டிரம் விழுந்தது, தூக்கினவர்கள் நகர்ந்தார்கள். தெருமுனைவரை எல்லாப் பாட்டையும் அப்படியேதான் ஊதிக்கொண்டு போனார். தெருவே அழுதது. இப்படி உருக்கமாக யாரும் ஊதிக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மேஸ்திரி பழைய இடத்தைக் கொடுத்துவிட்டார், இனிமேல் முன்வரிசைதான் என்று சொன்னார். சொன்ன முகத்தில் சந்தோஷமே இல்லை.

"நல்லதுதானண்ணே" என்றேன்.

"நிறுத்தாம ஊதினேன்னு மேஸ்திரிக்குச் சந்தோசம். மொத்தமும் ஆடிச்சு தங்கச்சி. ஒரு மூச்சுகூட ஒயுங்கா வரல."

"தெரியும். கேட்டேன். ஏன் நிறுத்தல?"

அவர் எங்கள் சுவரைப் பார்த்தார். அவர் உதடு கோணிக்கொண்டது. "கொஞ்சம் மாறினா செத்துக் கெடந்தாலும் எய்ந்துடுவேன்னு சொன்னாரே. எய்ந்துக்குவாரு, தட்டுவாருன்னு பாத்துகினே ஊதினேன். தட்டல."

நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் தன் வாசலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சாவு வீட்டுக்குப் பக்கத்தில் ஊதக்கூடாது என்று மரியாதைக்காக இருந்திருக்கலாம். அன்றைய ஊதல் உதட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பயந்தும் இருக்கலாம். எனக்குத் தூக்கம் அடியோடு போய்விட்டது. பகலில் கோணி, இரவில் கூரை. உடம்பு முழுக்க அலுப்பு, கண் மட்டும் மூடாது. கடைசியில் ஒருநாள் குழாயடியில் அவரைப் பார்த்து, "ஊதுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் சரி என்று தலையசைத்தார். தட்ட யார் இருக்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் சுவரில் சாய்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது முதுகில் அந்தச் சத்தம் வந்தது. மெதுவாக, பயந்துபோய். நீண்டது. கொஞ்ச தூரம் போனதும் ஆடியது. அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, ஊதிக்கொண்டே இருந்தார்.

நான் ஊசியைக் கோணியில் குத்திவைத்துவிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரில் ஒரு தட்டு தட்டினேன்.

நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது. அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஆடவில்லை. போய்க்கொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் ஞாபகம். விழித்தபோது விளக்கு வைக்கிற நேரமாகியிருந்தது. பாதி தைத்த கோணி மடியிலேயே கிடந்தது.